கைதட்டலும் கருத்தும்

சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். அலுவலகம் செல்வோர்க்கும் மாணவர்க்கும் அது எவ்வளவு பயன்பட்டது என்பதை எல்லோரும் அறிவர். அரசியலுக்கு அது செய்த உதவியை நினைப்பவர் சிலரே. தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் வாழ்ந்தவர்கள் மாலையில் அலுவல் முடிந்ததும் திருவல்லிக்கேணிக் கடற்கரைக்குச் சென்று, மணலில் அமர்ந்து தலைவர்களின் பேச்சைக் கேட்டுவிட்டு, இரவு வீட்டிற்கு வந்து உணவருந்த அந்த வண்டியே வழி செய்தது.

அவ்வாறு திரும்பும் வண்டிப் பெட்டியை இரண்டாவது பொதுக்கூட்டம் என்று நான் கருதுவதுண்டு. முதற் கூட்டத்தில் ஒலிபெருக்கி முழங்கும். இரண்டாவது கூட்டத்தில் குரல்கள் தாழ்ந்து ஒலிக்கும். முதற் கூட்டத்தில் கைதட்டல் எழும். இரண்டாவதில் ‘இருந்தாலும்’ என்ற சொல் எழும். கடற்கரையில் ஆரவாரித்தவரே கிண்டி வருவதற்குள் ஐயம் கொள்வதும், அங்கே வாய் திறவாதவர் மீனம்பாக்கம் தாண்டியதும் மனம் திறப்பதும் இயல்பு. பேச்சின் பொருள் வரியோ விலைவாசியோ ஆயின், இவ்விரு கூட்டங்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இராது. பேச்சின் பொருள் போர் ஆகும்போது, அதிலும் நாட்டு மக்கள் ஒருமனப்படாத ஒரு போர் ஆகும்போது, அந்த வேறுபாடு மிகுதியாகிறது. அதனைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

தென்சென்னைப் புறநகர் இதற்கு ஏற்ற களம். பரங்கிமலையும் பல்லாவரமும் ஆங்கிலேயர் காலந்தொட்டே படைவீடுகள் அமைந்த ஊர்கள். தாம்பரத்தில் விமானப்படை நிலையம் உண்டு. மீனம்பாக்கத்தில் விமான நிலையம். 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டிற்குக் குடிபெயர்ந்தது. ஆகவே, படைவீரர் குடும்பமும் கல்லூரி மாணவரும் ரயில்வே ஊழியரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நிலப்பகுதி இது. போரைப் பற்றி இங்கே ஒருவர் மேடையேறிப் பேசினால், கேட்போருள் சிலருக்கு அது செய்தி. சிலருக்கு அது கொள்கை. சிலருக்கோ அது வீட்டுக்கு வராத கடிதம்.

இது தொண்டை நாடு. போரைப் பற்றி ஒரு தூதுவர் ஆற்றிய உரையைப் பழந்தமிழ் இலக்கியம் இந்நாட்டோடு இணைத்தே நமக்குத் தருகிறது. அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். நெய் பூசி, பீலி அணிந்து, காவல் மிக்க மனையில் இருக்கும் இவை எவ்வளவு அழகு. அதியமானுடைய வேல்களோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று ஔவையார் கூறினார். புகழ்வது போலப் பழிக்கும் உரை அது. கேட்பவன் மேலோட்டமாகக் கேட்டால் மகிழ்வான்; ஆழ்ந்து கேட்டால் போர் வேண்டா என்று முடிவு செய்வான். தொண்டைமான் எப்படிக் கேட்டான் என்பதைப் புறநானூறு சொல்லவில்லை. வள்ளுவர் பேசுவோர்க்கு ‘அவை அறிதல்’ என்றோர் அதிகாரம் வகுத்தார். செவியால் அறிவதற்குக் ‘கேள்வி’ என்றோர் அதிகாரம் வகுத்தார். செவிமடுப்பதற்கும் வினவுவதற்கும் தமிழில் சொல் ஒன்றே என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் மூளுவதற்கு முன்னரே, போரிடும் இரு நாட்டவரை ஒரே கூரையின்கீழ் அமர்த்திய ஓர் அவை தாம்பரத்தில் கூடியது. 1938 டிசம்பரில் அனைத்துலகக் கிறித்தவத் திருப்பணி மன்றத்தின் மாநாடு கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் நடைபெற்றது. 470க்கும் மேற்பட்ட பேராளர்கள் வந்திருந்தனர். ஜப்பானியப் படை சீனத்தில் புகுந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்த காலம் அது. சீனப் பேராளரும் ஜப்பானியப் பேராளரும் அங்கே ஒருங்கே அமர்ந்தனர். ஜப்பானிலிருந்து வந்தவர்களுள் ஒருவர் தொயோஹிகோ ககாவா. அவர் தம் நாடு நடத்திய போரை உள்ளத்தால் ஏற்காதவர். 1939 சனவரியில் அவர் காந்தியடிகளைச் சந்தித்தபோது, ஜப்பானிய மக்கள் போரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அடிகள் வினவினார். தம் நாட்டில் தாம் மாறுபட்ட கருத்துடையவர் என ககாவா விடையளித்தார். அப்படியாயின் அக்கருத்தை வெளிப்படக் கூறி, அதற்காக உயிர் துறக்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்ற பொருள்பட அடிகள் பேசினார். கேட்பதற்குக் கடுமையான அறிவுரைதான். அடுத்த ஆண்டு, 1940 ஆகஸ்டில், ககாவாவை ஜப்பானியப் படைக் காவலர் சிறைப்படுத்தினர்.

இதற்குள் இந்தியாவும் போரில் ஈடுபடுத்தப்பட்டிருந்தது. 1939 செப்டம்பர் 3ஆம் நாள், இந்தியத் தலைவர் எவரையும் கலந்துகொள்ளாமல், இந்தியா போரில் இறங்கிவிட்டதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் நடந்துவந்த காங்கிரஸ் அமைச்சரவை அவ்வாண்டு அக்டோபரில் பதவி விலகியது. அதன்பின் சென்னை மேடைகளில் ஒலித்த குரல்கள் பல. போருக்கு உதவக்கூடாது என்றனர் காங்கிரஸார். பெரியார் தலைமையில் இருந்த நீதிக் கட்சி பிரிட்டனுக்குத் துணை நின்றது. இது ஏகாதிபத்தியங்களின் போர் என்றனர் கம்யூனிஸ்டுகள். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டைத் தாக்கியபின், இதுவே மக்கள் போர் என்று அவர்கள் நிலை மாறினர். நேற்று வரை எதிர்க்க வேண்டிய போர் இன்று ஆதரிக்க வேண்டிய போர் ஆனது எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர்கள் விடை வைத்திருந்தார்கள். உலகத்தின் நிலையே மாறிவிட்டது என்பது அந்த விடை. அதில் பொருள் இல்லாமலில்லை. ஆயினும் மக்கள் மேடைப் பேச்சைக் காலவரிசைப்படி நினைவில் வைத்திருப்பவர்கள். அந்த மாற்றம் அக்கட்சியாரை நெடுநாள் பின்தொடர்ந்தது.

1940 அக்டோபர் 17ஆம் நாள் வினோபா பாவே தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். அரசியல் சொற்பொழிவின் வரலாற்றில் இதற்கு நிகரான ஒன்றைக் காண்பது அரிது. பேச்சே இங்குக் குற்றம். அக்குற்றத்தைச் செய்வதே நோக்கம். சத்தியாக்கிரகி தாம் எந்த நாளில் எந்த இடத்தில் பேசப்போகிறார் என்பதை முன்கூட்டியே அதிகாரிகளுக்கு எழுதி அறிவிப்பார். ஆங்கிலேயர் நடத்தும் போருக்கு ஆளாலும் பொருளாலும் உதவுவது தவறு என்பதே பேச்சின் சாரம். பலர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் கைதாயினர். சிலர் வீட்டு வாயிலிலேயே கைதாயினர். 1941ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் நாடெங்கும் 20,000க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். ராஜாஜி 1940 டிசம்பரில் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

கேட்கப் போனவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மேடைக்குக் கீழே காவல் துறையின் சுருக்கெழுத்தாளர் அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொள்வது ஆங்கிலேயர் ஆட்சியில் வழக்கம். குறிக்கப்படுவது பேச்சாளரின் சொல்தான். ஆயினும் அருகில் அமர்ந்திருக்கும் குமாஸ்தாவின் கையும் அந்தப் பென்சிலைப் பார்த்தே எழும் அல்லது அடங்கும். அவர் அரசு ஊழியர்; மாதச் சம்பளம் உண்டு; பிள்ளைகள் உண்டு. அவர் கைதட்டாமல் இருந்ததைக் கொண்டு அவர் போரை ஆதரித்தார் என்று சொல்லலாமா? மறுபுறம், காந்தியத் தொண்டர்கள் நிறைந்த முன்வரிசையில் இடம் கிடைத்துவிட்ட மாணவன் எல்லோருடனும் சேர்ந்து ஆரவாரித்ததைக் கொண்டு, அவன் அந்தக் கொள்கையில் உறுதியுடையவன் என்று துணியலாமா? அச்சமும் தோழமையும் கூட்டத்தின் ஓசையை ஏற்றவும் இறக்கவும் வல்லவை.

இன்னொன்றும் உண்டு. போருக்கு ஆள் கொடுக்காதீர் என்ற பேச்சு மாகாணம் முழுவதும் கைதட்டல் பெற்ற அதே ஆண்டுகளில், அதே மாகாணத்திலிருந்து பெருந்தொகையான இளைஞர் படையில் சேர்ந்தனர். 1920களில் கலைக்கப்பட்டிருந்த சென்னைப் படைப்பிரிவு போர்க்காலத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது. போரின் முடிவில் இந்தியப் படையின் எண்ணிக்கை ஏறத்தாழ 25 லட்சம். அனைவரும் தாமே முன்வந்து சேர்ந்தோர். அவர்கள் எல்லோரும் பிரிட்டிஷ் மன்னர்மீது பற்றுக் கொண்டவர்கள் அல்லர். வேலை, சோறு, சீருடை, வீட்டிற்கு அனுப்பும் மணியார்டர் ஆகியவையே அவர்களுள் மிகப் பலரை அழைத்துச் சென்றன. ஒரே குடும்பத்தில் தமையன் சிறையிலும் தம்பி படையிலும் இருப்பது அன்று நடக்கக்கூடாத செய்தியன்று. இதனைக் கபடம் என்று கூறுவோர் வறுமையை அறியாதவர் என்பேன்.

மாணவர்களாகிய நீங்கள் அறிந்து கொள்ள வேண்டிய அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1933 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் விவாத மன்றம், எந்த நிலையிலும் மன்னனுக்காகவும் நாட்டுக்காகவும் போரிடுவதில்லை என்ற தீர்மானத்தை 153க்கு எதிராக 275 வாக்குகளால் நிறைவேற்றியது. இங்கிலாந்தே கொந்தளித்தது. ஆனால் 1939இல் போர் வந்தபோது, அந்தத் தலைமுறை மாணவர் திரளாகப் படையில் சேர்ந்தனர். 1933இல் அவர்கள் பொய் சொல்லவில்லை. அன்று அவர்கள் நினைத்தது முந்திய போரை. பின்னர் வந்தது வேறு போர்.

மீண்டும் சென்னைக்கு வருவோம். 1942 ஏப்ரல் மாதத்தின் முதற்பகுதியில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் திரிகோணமலையையும் தாக்கின. சென்னையை விட்டு, கட்டாயம் இருக்கவேண்டியவர் தவிர, மற்றவர் வெளியேறலாம் என்று அரசு அறிவித்தது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. நகரின் பெரும்பகுதி சில நாளில் வெறிச்சோடியது. போர் என்ற சொல் கடற்கரை மேடையை விட்டிறங்கி மூட்டை முடிச்சாக ரயிலேறியது.

அந்த நிலையில்தான் ராஜாஜி தம் வாழ்வின் மிகக் கடினமான பேச்சுகளைப் பேசினார். ஜப்பானியர் வருவது விடுதலை ஆகாது. நாட்டைக் காக்க ஒரு தேசிய அரசு வேண்டும். அதற்கு முஸ்லிம் லீகுடன் உடன்பாடு வேண்டும். அதன்பொருட்டு அவர்கள் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றாலும் தவறில்லை என்பது அவர் வாதம். ஏப்ரல் 23ஆம் நாள் சென்னைக் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர் கூட்டத்தில் அவருக்கு ஆதரவு கிடைத்தது. சில நாளில் அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியில் 120க்கு 15 என்ற கணக்கில் அவர் தோற்றார். காங்கிரஸிலிருந்தே விலகினார். ஊர் ஊராகச் சென்று பேசினார். எதிர்ப்பும் கறுப்புக் கொடியும் அவருக்குமுன் சென்றன. தமிழர் மிகுந்து வாழ்ந்த பம்பாய் மாட்டுங்காவில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது அவர்மீது தார் வீசப்பட்டது. அவர் அதைத் துடைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

இரண்டாண்டுக்கு முன் போருக்கு எதிராகப் பேசிச் சிறை புகுந்தபோது வாழ்த்திய மக்களே இப்போது அவரைத் தூற்றினர். விந்தை என்னவெனில், 1940இல் போரெதிர்ப்பு அவருடைய சொந்த விருப்பமாக இருந்ததில்லை. தேசிய அரசு அமைத்தால் போரில் ஒத்துழைக்கலாம் என்ற யோசனையை அவ்வாண்டு ஜூலையிலேயே காங்கிரஸை ஏற்கச் செய்தவர் அவர்தாம். பிரிட்டன் அதை ஏற்காததால், கட்டுப்பாட்டை மதித்துச் சிறை சென்றார். ஆக, தம் மனத்தில் முழுதும் இல்லாத கருத்துக்கு அவர் மாலை பெற்றார். மனத்தில் உறுதியாக இருந்த கருத்துக்குத் தார் பெற்றார். அவர் கருத்து சரியா தவறா என்பதில் இன்றும் அறிஞர்கள் மாறுபடுகிறார்கள்; நான் அதற்குள் புகவில்லை. மாலையும் தாரும் அந்தக் கேள்விக்கு விடை ஆகா என்பது மட்டும் தெளிவு.

நாற்பத்தைந்து ஆண்டு கழித்து, அதே கடற்கரையில் வேறொரு கூட்டம். 1987 ஜூலை 29ஆம் நாள் கொழும்பில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆகஸ்டு 2ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டத்தின்முன் தோன்றினர். தி.மு.க.வும் வேறு சில அமைப்புகளும் ஒப்பந்தத்தைக் குறை கூறின. ஆயினும் கடற்கரையில் கூடியவர்களுக்கு அன்று போரின் முடிவே பெரிதாகத் தோன்றியது. சென்ற படைக்கு ‘அமைதிப் படை’ என்றே பெயர். இரு நாள் கழித்து யாழ்ப்பாணத்துச் சுதுமலையில் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் பேசினார். ஒப்பந்தத்தில் நம்பிக்கையில்லை என்றும், வேறு வழியின்றி ஆயுதங்களை ஒப்படைப்பதாகவும் கூறினார். இரண்டு கூட்டங்கள், இரண்டு கடற்கரை நாடுகள், மொழி ஒன்று. கைதட்டலின் பொருள் மட்டும் ஒன்றாக இல்லை.

அக்டோபர் 10ஆம் நாள் அமைதிப் படையே போரில் இறங்கியது. அதன்பின் தென்சென்னைத் தெருமுனைக் கூட்டங்களைக் கவனித்தவர்கள் ஒரு மாறுதலைக் கண்டிருப்பார்கள். முன்வரிசை நாற்காலிகளில் அமர்ந்தவர் எப்போதும்போல் கைதட்டுவர். அவர்கள் கட்சித் தொண்டர். ஆனால் பொதுக்கூட்டத்தின் உண்மையான அவை நாற்காலிகளுக்கு அப்பால் நிற்கிறது. தேநீர்க் கடை வாயிலில் கண்ணாடிக் குவளையுடன் நிற்பவர், மிதிவண்டியை ஒருபுறம் சாய்த்து ஒரு காலைத் தரையில் ஊன்றியிருப்பவர், மாடியில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கும் பெண்கள். இவர்கள் கைதட்டுவதில்லை. பேச்சு பிடிக்காவிட்டால் கூச்சலிடுவதுமில்லை, போய்விடுவார்கள். பேச்சாளர் உள்ளத்தைத் தொட்டுவிட்டால் அவர்களிடம் தோன்றும் ஒரே அடையாளம், குவளை காலியான பின்னும் அவ்விடத்தை விட்டு அகலாமல் நிற்பதுதான். அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் தமிழரோடு போரிடுகிறது என்று ஒருவர் மேடையில் குமுறியபோது, அவ்வாறு நின்றவர்களுள் படைக்குப் பிள்ளையை அனுப்பிய பல்லாவரத்துத் தந்தையும் இருந்திருக்கக் கூடும். கடல் கடந்து தஞ்சம் புகுந்து அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியரும் இருந்திருக்கக் கூடும். பேச்சாளர் அவர்களுள் ஒருவருக்காகப் பேசியிருக்கலாம். கேட்டவர் இருவர்.

வானொலியில் பேசும் நான் இதனையும் சொல்ல வேண்டும். அக்காலத்து மக்கள் ஒரே நிலையத்தை நம்பியிருக்கவில்லை. நம் நிலையத்துச் செய்தியைக் கேட்டபின், இலண்டனிலிருந்து வந்த தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப்பணியையும் திருப்பி வைத்து ஒப்பிட்டுக் கேட்டனர். மேடைப் பேச்சாளர் ஒருவர் யாழ்ப்பாணத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லும்போது, கேட்பவர் அதை ஏற்கெனவே மூன்று விதமாகக் கேட்டிருப்பார். அத்தகைய அவையின் மௌனம் அறியாமையின் மௌனம் அன்று. அது எடை போடும் மௌனம்.

அமைதிப் படையின் கடைசி அணி 1990 மார்ச்சு 24ஆம் நாள் திரிகோணமலையை விட்டுப் புறப்பட்டது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அம்மண்ணில் மடிந்திருந்தனர். ஈழத் தமிழ்ப் பொதுமக்கள் பட்ட துயரும் உயிரிழப்பும் பெரிது. திரும்பிய படையைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை, தமிழரைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பது அவர் நிலை. தமிழ்நாட்டில் பலர் அதைத் துணிவு எனப் போற்றினர். இந்தியாவின் பிற பகுதிகளில் பலர் அதைக் கடுமையாகக் கண்டித்தனர். தமிழ்நாட்டிற்குள்ளேயே, இரண்டு கருத்தையும் ஒருங்கே கொண்டவர்களும் இருந்தனர். போர் தவறு, போனவன் என்ன செய்வான் என்று அவர்கள் கேட்டனர். இந்தக் கேள்விக்கு எந்த மேடையிலும் கைதட்டல் கிடைப்பதில்லை. முழக்கமாக மாற்ற முடியாத அளவுக்கு அது நீளமானது. ஆனால் மின்சார வண்டியில் அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

1991 மே 21ஆம் நாள், தாம்பரத்திற்கு மேற்கே திருப்பெரும்புதூரில், பேச வந்த ராஜீவ் காந்தி மேடையேறு முன்பே குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். கேட்க வந்தவர்கள் சிலரும் உடன் மாண்டனர். அதன்பின் தமிழ்நாட்டில் அந்தப் போரைப் பற்றிப் பேசுவோர் சட்டத்தையும், கேட்போர் தம் அருகில் நிற்பவரையும் நினைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2002 ஜூன் இறுதியில் மதுரை மாவட்டத்துத் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக, அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வைகோ, அயல்நாட்டுப் பயணம் முடித்துச் சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய ஜூலை 11ஆம் நாள், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டு ஏறத்தாழ 19 மாதம் சிறையில் இருந்தார். வன்முறையை வளர்க்கும் நோக்கமின்றி ஓர் அமைப்புக்கு வாய்மொழியாக ஆதரவு தெரிவிப்பது மட்டுமே அச்சட்டப்படி குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கருதியது. 1940இல் ஒரு வாக்கியத்துக்குச் சிறை. 2002இல் ஒரு சொற்பொழிவுக்குச் சிறை. இரண்டையும் ஒன்றெனக் கூறவில்லை. முன்னதில் சிறை செல்வதே நோக்கம், பின்னதில் அப்படியன்று. ஆனால் மேடைக்குக் கீழே குறிப்பெடுக்கும் கை ஓய்வதில்லை என்பதை இரண்டும் காட்டுகின்றன.

மேடைக்கும் வாக்குப் பெட்டிக்கும் உள்ள தொலைவை 2009ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. இலங்கையில் இறுதிப் போர் உச்சநிலையில் இருந்தது. பல்லாயிரம் தமிழர் மடிந்துகொண்டிருந்தனர். தமிழகத்துத் தேர்தல் மேடைகளில் அதைக் குறித்து உருகாத பேச்சாளர் அரிது. கேட்டவர்கள் கண்ணீர் விட்டனர். மே 13ஆம் நாள் வாக்குப்பதிவு. மத்தியில் ஆட்சியிலிருந்த காங்கிரஸும் தி.மு.க.வும் இடம்பெற்ற கூட்டணி, 39 தொகுதிகளுள் 27இல் வென்றது. தாம்பரம், பல்லாவரம், ஆலந்தூர் ஆகியவற்றை உட்கொண்ட திருப்பெரும்புதூர்த் தொகுதியிலும் தி.மு.க. வேட்பாளர் டி.ஆர். பாலுவே வெற்றி பெற்றார். அடுத்த சில நாளில் இலங்கைப் போர் முடிந்தது.

கண்ணீர் பொய் என்று சிலர் எழுதினர். எனக்கு அது ஏற்புடையதன்று. தங்கபாலு, இளங்கோவன், மணிசங்கர் ஐயர் முதலிய காங்கிரஸ் முன்னணியினர் அத்தேர்தலில் தோற்றதையும் அதே மக்கள்தாம் நிகழ்த்தினர். அதற்கு ஈழப் போரே காரணம் என்பாரும் உண்டு. வாக்காளன் ஒருவன் ரேஷன் அரிசியையும் வேட்பாளரின் ஊரையும் கூட்டணிக் கணக்கையும் ஈழத்துப் பிணங்களையும் ஒரே பொத்தானால் சொல்ல வேண்டியிருக்கிறது. கைதட்டல் ஒன்றைச் சொல்கிறது. வாக்கு பலவற்றைக் கலந்து சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை.

பரங்கிமலையில் படை அதிகாரிகள் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது, 1963இல் தொடங்கப்பட்டது. அங்கே பயின்று 1972இல் படையில் சேர்ந்தவர்களுள் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அமைதிப் படையுடன் இலங்கை சென்ற அவர், 1987 நவம்பர் 25ஆம் நாள் யாழ்ப்பாணப் பகுதியில், தமிழ் பேசும் போராளிகளுடன் நடந்த சண்டையில் மாண்டார். பரம்வீர் சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. அமைதிப் படை நடவடிக்கைக்காக அவ்விருது பெற்றவர் அவர் ஒருவரே. பயிற்சி முடிக்கும் இளம் அதிகாரிகள் அணிவகுத்துச் செல்லும் பரங்கிமலைத் திடலுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. அணிவகுப்பு நாளில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பெற்றோர் வந்து அமர்கின்றனர். தம் மகனோ மகளோ அடியெடுத்து வைக்கும்போது கைதட்டுகின்றனர். சற்றுத் தொலைவில் தாம்பரம் செல்லும் மின்சார வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றுகொண்டிருக்கின்றன.